ஒரு ராத்தல் தானியமும் முப்பத்து நான்கு கவிதைகளும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன: பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றைக் கவிதையாக எழுதுவது, அதை வகுப்பின் பெயரில் நூலாக வெளியிடுவது. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்கான விடை நீளமானது; மற்றவை அதைத் தொடர்ந்து வருவதால் வரிசையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியுள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நாள்தோறும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தக் கால்வாயின் நகரப் பகுதி தாது வருடப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது என்று ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரம் 34 பேரும் ஆளுக்கொரு கவிதையோடு வந்து நின்றார்கள். படித்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் எது நடந்தது, எது பிள்ளைகளின் கற்பனை என்று பிரிக்க முடியவில்லை. மண் சுமந்த பெண் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் குடித்ததாக ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். ஆண்டு விழாவுக்குள் நூலாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? – தமிழாசிரியை, சென்னை.

பதில்: பிளாஸ்டிக் குடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை மண்குடமாக்க ஒரு நிமிடம் போதும், அந்தப் பிழையைப் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு திருத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் கவனத்துக்குரியது. அந்தப் பெண் எந்த ஆண்டில், எந்த மாதத்தில், என்ன கூலிக்கு மண் சுமந்தாள் என்பது தெரியாமல் எழுதும்போது, கவிதையில் வருபவள் பஞ்சத்தில் சிக்கிய ஒரு பெண்ணாக இருப்பதில்லை. எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஓர் ஏழைப் பெண்ணாக ஆகிவிடுகிறாள். அப்படிப்பட்ட 34 கவிதைகளைச் சேர்த்தால் எல்லாம் ஒரே குரலில் அழும். ஆகவே, நூல் வேலையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, மூன்று வகுப்புகளைத் தகவலுக்காக மட்டும் ஒதுக்குங்கள்.

அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. 1876-இல் மழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கிய பஞ்சம் அதோடு நிற்காமல் ஈசுவர ஆண்டிலும் நீடித்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் கூட்டிய 1877 சனவரி முதல் நாளன்று, இங்கே மக்கள் கூட்டம் கூட்டமாக நிவாரண வேலைகளைத் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். அந்த மாதமே பஞ்ச நிலையைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைப்பதற்காக ஒரு கூலி விகிதத்தை வகுத்தார்: நாள் முழுவதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதவே போதாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். சில மாதங்களில் அந்த விகிதம் உயர்த்தப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நீளக் கால்வாய், 1877-78 காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே அதற்கு நிலைத்தது.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சிக்கல் கிடைப்பதைக் கவனியுங்கள். கூலி 1877-இன் தொடக்கத்தில் குறைந்தது, பிறகு கூடியது. கால்வாய் வேலையோ அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நடந்தது. அப்படியானால், கால்வாய் வெட்டியவள் ஒரு ராத்தல் தானியம் வாங்கினாள் என்று எழுதலாமா? மாதத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. கவிதைக்குள் மாதம் நுழைந்துவிட்டால், அதோடு வெயிலும் காற்றும் நோயும் நுழைந்துவிடும்.

நான் பணியிலிருந்த காலத்தில் இதே பஞ்சத்தைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். ராத்தல் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அறிவியல் கூடத்துத் தராசைக் கொண்டுவந்து, ஏறக்குறைய 454 கிராம் அரிசியை நிறுத்து ஒரு தட்டில் கொட்டி, வரிசையாகக் கைமாற்றிக்கொண்டு போகச் சொன்னேன். முதலில், “இவ்வளவா டீச்சர், போதுமே!” என்றார்கள். உண்மையில் பார்வைக்கு அது குறைவாகத் தோன்றவில்லை. ஒரு சிறுமியின் இரு கைகளைக் குவித்தும் அடங்காமல் சிந்தியது. தட்டு கடைசி வரிசைக்குப் போனபோது, அதுவரை வாய் திறக்காதிருந்த ஒரு பெண் அரிசியை விரலால் கோடிட்டு மூன்றாகப் பிரித்து, “வேலைக்குப் போக முடியாத பாட்டிக்கு யார் கொடுப்பாங்க?” என்று கேட்டாள். வகுப்பு அடங்கிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் நிவாரண முகாம்களைப் பற்றியும் இலவசமாக ஊற்றப்பட்ட கஞ்சியைப் பற்றியும் நாங்கள் படித்தோம். அவள் எழுதிய கவிதையில் கண்ணீர் என்ற சொல்லே இல்லை. விரல் கிழித்த இரண்டு கோடுகள் மட்டுமே இருந்தன.

இனி உண்மையையும் கற்பனையையும் பிரிக்கும் வழி. இதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று ஒரு குறிப்பு இருக்கும். பாரி மகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டில் பாரியின் பெயரும் இல்லை, பறம்பு மலையின் பெயரும் இல்லை. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்று எங்களுடையதாக இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை என்பதுதான் பாட்டு. அடிக்குறிப்பு இல்லாவிட்டால், பெயர் தெரியாத இருவர் தந்தையை இழந்தார்கள் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரிந்திராது. பாட்டு துயரத்தைச் சுமக்கிறது. யாருடைய துயரம் என்பதைக் குறிப்பு சுமக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றில் ஒன்று கலக்கவில்லை.

உங்கள் 34 கவிதைகளின் அடியிலும் அப்படி ஒரு குறிப்பு வரட்டும். அதை மாணவரே எழுத வேண்டும்; நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம். யார் பேசுவதாகக் கவிதை அமைந்திருக்கிறது, எந்த இடம், எந்தக் காலம், இதில் நான் அறிந்துகொண்டது எது, அதை எங்கே அறிந்தேன், நானாகச் சேர்த்தது எது என்பவற்றை அது சொன்னால் போதும். “பேசுபவள் என் கற்பனை. கூலி விவரம் பஞ்ச வரலாற்றில் படித்தது. விறகுப் படகுகளைப் பற்றி என் தாத்தா சொன்னார்” என்று ஒரு மாணவன் எழுதும்போது, தாத்தாவின் நினைவும் ஒரு சான்றுதான் என்பதையும், அதற்கும் அரசு ஆவணத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் தானாகவே கற்றுக்கொள்கிறான். ஆந்திரத்திலிருந்து நெல்லும் விறகும் உப்பும் ஏற்றிவந்த படகுகளைக் கண்ணால் கண்ட முதியவர்கள் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் இருக்கக்கூடும். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருப்பதை நின்று பார்க்கட்டும். கால்வாயின் கதை 1878-இல் முடிந்துவிடவில்லை.

ஒரு வேண்டுகோள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எடுத்த பஞ்சப் படங்கள் உங்கள் கண்ணில் படும். எலும்பும் தோலுமாக வரிசையில் உட்காரவைக்கப்பட்ட மனிதர்களை அவற்றில் காணலாம். அவற்றுக்கு இப்போது பதிப்புரிமைத் தடை இல்லை. என்றாலும் அட்டையில் போடாதீர்கள். தம் உருவம் எங்கே போகப்போகிறது என்பதே தெரியாமல் படக்கருவியின் முன்னால் உட்கார்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகள் வரையும் மண்கூடையும் கடப்பாரையும் அந்த அட்டைக்குப் போதும்.

கேள்வி: வரலாறு சான்றைக் கேட்பது, கவிதை உணர்ச்சியைக் கேட்பது. இரண்டையும் ஒரே பயிற்சியில் சேர்த்தால், தேர்வில் விடை எழுதும்போதும் மாணவர்கள் கற்பனையைக் கலந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். தமிழாசிரியர்கள் இதை யோசிப்பதில்லை. – வரலாற்று ஆசிரியர், சேலம்.

பதில்: ஐயா, உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அடிக்குறிப்பு இல்லாமல் வெளியிடப்படும் வரலாற்றுக் கவிதை நூல்களைப் பார்த்து நானும் அஞ்சியிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு வரலாற்றைப் பொறுத்தவரை, கவிதையை வெளியே நிறுத்திவிட்டுச் சான்றை மட்டும் உள்ளே அழைக்க முடியாது. அதியமான் நெடுமான் அஞ்சியை நெடுங்காலம் சங்கப் பாடல்கள் வழியாகவே அறிந்திருந்தோம். 1981-இல் திருக்கோவலூர்ப் பக்கம் சம்பை என்ற ஊரில் ஒரு பாறைக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி (துறவிகளின் உறைவிடம்) என்று தமிழ் பிராமி எழுத்தில் அதில் இருந்தது. அசோகனின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த ஒற்றை வரி வழிகாட்டியது. பாட்டும் கல்லும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அது.

மறுபக்கத்தையும் மாணவர்களுக்குக் காட்டலாம். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தியும், அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதியும், செய்யுள்தான். ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகளின் பட்டியலும் நீள்வதால், எந்தப் போர் எந்த ஆண்டுக்கு முன்னால் நடந்தது என்று கணக்கிட அது உதவுகிறது. ஆனால் அரசன் தோற்ற போரை மெய்க்கீர்த்தி சொல்லாது. “இந்தக் கவிதை எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது?” என்ற கேள்வியை மெய்க்கீர்த்தியிடம் கேட்கப் பழகிய மாணவர், அதே கேள்வியைத் தன் கவிதையிடமும் கேட்பார், அரசு அறிக்கையிடமும் கேட்பார். உங்கள் பள்ளியில் இப்படி ஒரு நூல் உருவானால், அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழாசிரியர் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை அது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நூலின் தரமே வேறாக இருக்கும்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் வெளியிட்ட வரலாற்றுக் கவிதைத் தொகுப்பில் அவள் பெயரில் ஒரு வெண்பா அச்சாகியிருக்கிறது. அவள் எழுதியது எங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றிய பத்து வரி. வெண்பா என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவளோ அந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா? – ஒரு தந்தை, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: இல்லை ஐயா, நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் மகள் தன் பெயருக்குக் கீழே வேறொருவருடைய வரிகளைப் பார்த்திருக்கிறாள். தான் எழுதியது அச்சுக்குத் தகுதியற்றது என்பதைத்தான் அந்தப் பக்கம் அவளுக்குச் சொல்லியிருக்கும்; எவ்வளவு பாராட்டினாலும் அது மாறாது. திருத்திய ஆசிரியரும் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார் என்று நம்புகிறேன். பள்ளியின் பெயர் கெடக் கூடாது, தளை தட்டக் கூடாது என்ற பதற்றம் நம்மில் பலருக்கு உண்டு. தொடக்கக் காலத்தில் எனக்கும் இருந்தது.

ஆசிரியர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒற்றுப் பிழையையும் எழுத்துப் பிழையையும் திருத்தலாம். ஆண்டும் பெயரும் தவறாக இருந்தால் மாணவரிடம் சொல்லி, அவரையே மாற்றச் செய்ய வேண்டும். வரியை மாற்றுவதும் உவமையைச் சேர்ப்பதும் கூடாது. ஒரு வரி பலவீனமாகத் தோன்றினால், “இந்த இடத்தில் என்ன பார்த்தாய்?” என்று கேட்கலாம், பெரும்பாலும் வாயால் சொல்லும் விடை எழுதிய வரியைவிட நன்றாக இருக்கும், அதையே எழுதச் சொல்லிவிடலாம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகளுடைய கையெழுத்துப்படி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அவளை உட்காரவைத்து அந்தப் பத்து வரியை நல்ல தாளில் எழுதச் சொல்லி, அச்சான பக்கத்தின் மேல் ஒட்டிவையுங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த ஆண்டுத் தொகுப்பு மாறும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கேள்வி: வரலாற்றைப் பாட எந்த யாப்பு பொருத்தம்? புதுக்கவிதை எழுதினால் வரலாற்றுக்குரிய கம்பீரம் வராது என்கிறார் என் நண்பர். – பதினோராம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி.

பதில்: தம்பி, கம்பீரம் வேண்டும் என்று யார் சொன்னது? அரசன் வெற்றியைப் பாட அகவலும் பரணியும் இருந்தன. பசியைப் பாட மக்கள் எடுத்துக்கொண்டவை கும்மியும் சிந்தும். தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய கும்மிகள் மலிவான சிறு நூல்களாக அச்சாகி விற்றன. நீங்கள் இருக்கும் மாவட்டம் வில்லுப்பாட்டின் தாய்வீடு. ஊரில் நடந்த கொலையையும் வெள்ளத்தையும் விடிய விடியப் பாடிய வடிவம் அது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். களத்துமேட்டில் பலர் சேர்ந்து பேசுவதாக இருந்தால் கும்மி தானாக வரும். ஒருத்தி தனக்குள் பேசுவதாக இருந்தால் யாப்பில்லாத சிறு வரிகள் போதும். சென்னைக்கு வர வாய்த்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்று பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நூலுக்கான கவிதைகள் தயாராகிவிட்டன. நாற்பது மாணவர்களில் சிறந்த பதினைந்து பேரின் கவிதைகளை மட்டும் போட்டால் செலவு குறையும். அச்சு, ஐ.எஸ்.பி.என். (நூலின் பன்னாட்டு அடையாள எண்), உரிமை பற்றியும் சொல்லுங்கள். – தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: முதலில் அந்தப் பதினைந்தைப் பற்றி. தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்புக்கு வேறு பெயர் வையுங்கள். வகுப்பின் நூல் என்று அட்டையில் போட்டால் நாற்பது பேரும் உள்ளே இருக்க வேண்டும். செலவும் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது. டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். நாற்பது கவிதைகள் குறிப்போடு நாற்பது பக்கம், முன்பக்கங்களும் உள்ளடக்கமும் எட்டு. சரியாக 48 பக்கம், மூன்று ஃபாரம். பதினைந்து பேர் மட்டும் என்றாலும் முன்பக்கங்களோடு சேர்ந்து இரண்டு ஃபாரம் வந்துவிடும். ஒரு ஃபாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இருபத்தைந்து பிள்ளைகளை வெளியே நிறுத்த வேண்டுமா?

நூறு, இருநூறு படிகள் என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். பல நூறு படிகளுக்கு மேல் போகும்போதுதான் ஆஃப்செட் பிளேட் செலவு படிக்குப் படி குறைந்து தெரியும். 48 பக்கத்துக்குச் சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி அடிப்பது) போதும். பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசையால் ஒட்டுவது) செய்தால் முதுகு மெலிந்து பக்கம் கழன்று வரும். அச்சகத்தில் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுவது வழக்கம். அதனால் கடைசி மெய்ப்பை அந்தந்த மாணவரே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தன் கவிதையில் விழுந்த பிழையைத் தன்னைப்போல் வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கவிதையின் பதிப்புரிமை அதை எழுதிய மாணவருக்கே உரியது. ஆகவே வெளியிடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் இசைவு வாங்குங்கள். பெயரும் வகுப்பும் போதும். முகவரியும் கைப்பேசி எண்ணும் நூலில் வேண்டாம். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி விண்ணப்பத்தின்மேல் கட்டணமின்றித் தருகிறது. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றைப் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை, மும்பை, டெல்லி ஆகிய நகரங்களில் உள்ள மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். சென்னைக்குரியது எழும்பூர் கன்னிமாரா. மற்ற மூன்றையும் பதிவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கன்னிமாராவுக்குரிய படியை மட்டும் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளை அழைத்துச் சென்று நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை அவர்கள் கையாலேயே வாங்கிவரச் செய்யுங்கள்.